நாலு கோடும் இருக்கு, லைன் மட்டும் போகலை

ஆர்லோ ஹாக்கன்சன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். ஆனால் ‘டவர் எடுக்கலை’ என்று யாராவது முனகிவிட்டால் போதும், ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அறுபத்தாறு வயசுக்காரரை அவன் இவன் என்று எழுதலாமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். காதலில் விழுந்தவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

மினசோட்டாவில் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டை விற்று, சக்கரத்தில் ஓடும் வீடாக ஒரு கேரவன் வாங்கினான். ஊரில் பனி கொட்ட ஆரம்பித்ததும் அதை ஓட்டிக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுவான். அவனைப் போலவே நூறு கேரவன்காரர்கள் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே அந்தச் சரளைக்கல் வெளியில் ஆளுக்கொரு இடம் பிடித்துக் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். தண்ணீர் தொட்டியில் வந்துவிடும். கரண்ட் கூரைமேல் உள்ள சோலார் தகட்டில் வந்துவிடும். வராதது டவர்தான். மலைக்கு அந்தப்புறம் ஒரே ஒரு டவர். கேரவனுக்கு உள்ளே போனால் தகரம் மறைக்கும், வெளியே வந்தால் மலை மறைக்கும். நாற்காலி மேல் ஏறி நின்று, ஒரு கையைக் கூரையில் ஊன்றி, பெற்ற பிள்ளையோடு பேசுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

ஆர்லோவின் கூரையைப் பார்த்தால் டி.வி. நிலையம் என்றே நினைப்பீர்கள். நீட்டி மடக்கும் கம்பம், உச்சியில் ஆண்டெனா, உள்ளே சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் பெட்டி, இரண்டு கம்பெனி சிம். அவனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் மனசு வராது. கேட்டவர்களுக்கெல்லாம் கம்பம் நட்டுக்கொடுப்பான். முகாமில் அவனுக்கு ‘டவர் டாக்டர்’ என்று பேர்.

அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. கூரைக் கம்பத்தை இறக்காமலே கேரவனைக் கிளப்பி, மரக்கிளையிலோ பெட்ரோல் பங்க் கூரையிலோ இடித்து வளைத்துக்கொள்ளும் புத்திசாலி வருஷத்துக்கு ஒருத்தராவது அகப்படுவார். எந்தக் காலத்திலோ யாரோ வளைத்த ஒரு பழைய ஆண்டெனாவைக் கயிற்றில் கோத்து வைத்திருக்கிறார்கள். அதை அவர் கழுத்தில் எல்லோரும் கைதட்ட மாலையாகப் போடுவார்கள். அடுத்த ஏமாளி அகப்படும்வரை அது அவர் வண்டியில்தான் தொங்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் அகப்பட்டது யார் என்கிறீர்கள்? சாட்சாத் டவர் டாக்டரேதான். ஊருக்கெல்லாம் கம்பம் நட்டவன், தன் கம்பத்தை இறக்க மறந்து, வளைந்த உச்சியோடு முகாமுக்குள் வந்து நின்றான். மாலை போடும் பொறுப்பு அன்றைக்கு மார்லிஸ் வெக்ஸ்லருக்கு. அயோவாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், கணவனை இழந்தவள், தனியாக ஒரு சின்ன கேரவனில் வருகிறவள். வண்டியைக் கிளப்புமுன் இரண்டு சுற்று சுற்றிவந்து படி மடித்தாச்சா, தண்ணீர்க் குழாய் கழற்றியாச்சா, கம்பம் இறங்கியாச்சா என்று ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்ப்பாள். தீப்பிடித்தாலும் மார்லிஸ் ரெண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள் என்று முகாமே கேலி செய்யும்.

“ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற டாக்டரு, தனக்குக் காய்ச்சல்னு தெரியாமப் போச்சே!” என்று சொல்லி அந்தக் கோணல் ஆண்டெனாவை அவன் கழுத்தில் போட்டாள் மார்லிஸ். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆர்லோ விழுந்தது வேறு இடத்தில்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், நடந்தார்கள், சீட்டாடினார்கள். அவள் கூரையில் இருந்த பழைய கம்பத்தை மாற்றிப் புதுசு நட்டுக்கொடுத்தான். வசந்தம் வந்ததும் அவரவர் வழியில் போனார்கள். ஆனால் ஒரு சாயங்காலம்கூட போன் தவறவில்லை. எந்த மலையில், எந்தக் காட்டில் கிடந்தாலும் டவரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டுவிடுவான். கூப்பிட்டதும் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “சிக்னல் எப்படி இருக்கு?” என்பதுதான்.

“உனக்கு வேற கேள்வியே தெரியாதா?” என்பாள் மார்லிஸ்.

தெரியும். நாக்கு நுனிவரை வரும். அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் குளிர்காலம் மார்லிஸ் முகாமுக்கு வரவில்லை. இரண்டு மணி நேரப் பயணத்தில் விக்கன்பர்க் கூட்டுச்சாலைப் பக்கம் ஒரு மைதானத்தில் நிறுத்திக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். டென்னஸியில் இருக்கும் மகன், கார் கொட்டகைக்கு மேலே அவளுக்கு ஓர் அறை கட்டிவைத்துவிட்டான். கேரவனை விற்றுவிட்டு வந்துவிடு அம்மா என்று நச்சரிப்பு. வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தை உடைத்தாள்.

“ஆர்லோ, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடு. என்னைக் கேக்க வேண்டியது ஏதாவது உனக்கு இருந்தா அப்ப கேளு. இல்லேன்னா நான் கிழக்கே கிளம்பிடறேன். பையன் கேரவனை வாங்க ஆள் பாத்து வச்சிருக்கான்.”

“நானே நேர்ல வரேனே மார்லிஸ்.”

“வராதே. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு யோசனையே ஓடாது. வாயால கேளு, நான் காதால கேக்கறேன். மெசேஜ் கிசேஜ்னு அனுப்பினே, தொலைச்சுடுவேன்.”

“சரி. நாலு மணி.”

“அதுக்கு மேல அரை மணி பாப்பேன். இருட்டறதுக்குள்ள நான் ரோட்டுல இருக்கணும்.”

ஆர்லோவுக்குப் பந்தாட்டம் பார்க்கிற பழக்கம் கிடையாது. அதனால் அந்த ஞாயிறு எந்த ஞாயிறு என்று அவனுக்கு உறைக்கவில்லை. அமெரிக்கா முழுக்க வேலைவெட்டியை விட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்காரும் இறுதி ஆட்டத்து ஞாயிறு அது.

சனிக்கிழமை காலையிலேயே பக்கத்து கேரவன் கஸ் பெட்ராகிஸ் வந்து நின்றான். சிகாகோவில் இறைச்சிக்கடை வைத்திருந்தவன். ஆள் பாதி, குரல் பாதி.

“டாக்டரு, நாளைக்கு மேட்ச். என் டீம் முப்பது வருஷம் கழிச்சு ஃபைனலுக்கு வந்திருக்குடா. படம் நின்னு நின்னு வருது. ஒரு கை பாத்துவிடு.”

கஸுக்குப் பார்த்துவிட்டதைக் கண்டு அடுத்தவர் வந்தார். அவரைக் கண்டு அதற்கடுத்தவர். அன்று பொழுதெல்லாம் ஆர்லோ கூரை கூரையாக ஏறி இறங்கினான். கம்பத்தை நீட்டினான், ஆண்டெனாவை மலைப்பக்கம் திருப்பினான், பூஸ்டரை மாட்டினான். மறுநாள் கேட்கப்போகும் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே சீட்டியடித்தபடி செய்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவன் இப்படித்தான் உற்சாகமாக இருப்பான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். போனில் பேச எதற்கு இஸ்திரி என்று அவனையே கேட்டுக்கொண்டான், ஆனாலும் போட்டான். நாலு மணிக்குப் போனை எடுத்தான். நாலு கோடும் நிறைந்திருந்தது. ஃபுல் டவர். மார்லிஸ் பெயரை அழுத்தினான்.

போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ‘டக்’கென்று அறுந்தது.

மறுபடி. டக். அடுத்த கம்பெனி சிம். டக். பூஸ்டரை அணைத்துப் போட்டான். கூரையில் ஏறி ஆண்டெனாவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். கீழே இறங்கினான், மறுபடி ஏறினான். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோடு மட்டும் நாலுக்குக் குறையவே இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது. டவரே இல்லை என்றால் மனசு ஆறும். கண்ணெதிரே ஃபுல்லாகக் காட்டிக்கொண்டு கழுத்தறுத்தால் யாரிடம் போய் அழுவது?

அவனுடைய வண்டியும் அன்றைக்கு நகராது. முந்தின நாள்தான் எஞ்சினின் தண்ணீர் பம்ப் கழன்று, புதுசு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கஸின் கேரவன் பக்கமிருந்து ஓவென்று ஒரு கூச்சல் எழுந்தது. கொஞ்சம் கழித்து இரண்டு வண்டி தள்ளி அதே கூச்சல். இன்னும் கொஞ்சம் கழித்துக் கள்ளிச்செடிகளுக்கு அப்பால் அதே கூச்சல். ஒரே பாயிண்டுக்கு முகாமே தவணை முறையில் கத்திக்கொண்டிருந்தது. ஆளாளுக்குப் படம் வந்து சேரும் நேரம் முன்னே பின்னே. ஏனென்றால் ஆளாளுக்குப் படம் வருவது போன் வழியாக. போன் வழியாக வருவது அந்த ஒற்றை டவரிலிருந்து.

கூரைமேல் நின்றபடியே ஆர்லோ முகாமைப் பார்த்தான். நேற்று அவன் நட்ட கம்பங்கள் எல்லாம் வரிசையாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. டவருக்குக் காது கேட்காமல் இல்லை. நூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் அது யாருக்கென்று ஊட்டும்? ஞாயிறு காலையில் கழிவுநீர் இறக்கும் இடத்தில் நிற்கிற கேரவன் வரிசை மாதிரிதான். குழாய் இருக்கிறது, உன் முறை வர வேண்டுமே. வரிசையை நிற்க வைத்தவனும் இவனேதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, அது பாலைவனத்து மண் என்றால் இன்னும் சூடு.

இறங்கி ஓடினான். கஸ் தன் கேரவனுக்கு வெளியே பெரிய டி.வி.யை வைத்து, அதற்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டிருந்தான். ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். கஸின் மனைவி நெட்ரா ஒரு பெரிய அண்டாவில் பீன்ஸும் இறைச்சியும் கொதிக்கக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“நெட்ரா, எனக்கு ஒரு லைன் வேணும்” என்றான் ஆர்லோ. மூச்சு வாங்கியது. “மார்லிஸ் காத்துக்கிட்டிருக்கா. இப்ப நான் பேசலேன்னா அவ டென்னஸி போயிடுவா. எல்லாரும் கொஞ்ச நேரம் போனை அணைச்சாத்தான் முடியும்.”

நெட்ரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருக்கே. அந்தப் பேச்சா?”

“அந்தப் பேச்சுதான்.”

நெட்ரா கரண்டியைக் கீழே போட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட முகாமில் ஒரு மாட்டு மணி உண்டு. ஆட்டம் முடிந்து அடிக்க வேண்டிய அந்த மணியை எடுத்து, கை வலிக்க அடித்தாள். எதற்கு அசையாவிட்டாலும் கேரவன்காரர்கள் அந்த மணிக்கு அசைவார்கள். தட்டும் கையுமாக நாலா பக்கமிருந்தும் வந்தார்கள். மேட்ச் நடுவிலேயே சோறா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள், ஆனால் வந்தார்கள்.

“ஏறுடா மேசை மேல” என்றாள் நெட்ரா. “அவங்ககிட்ட நீயே சொல்லு.”

ஆர்லோ பிறந்ததிலிருந்து நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தவன் அல்ல. மனைவியிடமே ஆசையாக ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டவன். ஆனாலும் ஏறினான்.

“உங்க கூரையில எல்லாம் நான் ஏறியிருக்கேன்” என்று ஆரம்பித்தான். செருமிக்கொண்டான். “ஒருத்தருக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல. இப்ப எனக்கு ஒண்ணு வேணும். மார்லிஸை எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். அவ இல்லாம இந்தக் குளிர்காலம் எனக்குக் குளிர்காலமாவே இல்ல. அதை இன்னும் அவகிட்டச் சொல்லல, உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன். தயவு பண்ணி எல்லாரும் போனை அணைங்க.”

டி.வி. மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

“கடைசிக் கட்டம்டா ஆர்லோ” என்றான் கஸ். அழுதுவிடுவான் போலிருந்தது. “ரெண்டு டீமும் சமமா இருக்கு. கல்யாணம் நாளைக்குக்கூடப் பேசலாம். இந்த ஆட்டத்துக்கு நான் முப்பது வருஷம்…”

“கஸ்!” என்றாள் நெட்ரா. “நீ என்னைப் பொண்ணு கேக்க வந்த அன்னைக்கு எங்கப்பா ரேடியோவுல மேட்ச் கேட்டுக்கிட்டிருந்தாரு. அணைச்சாரா இல்லியா?”

கஸ் ரிமோட்டை எடுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு அணைத்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனையும் எடுத்து அணைத்தான். அதைப் பார்த்து ஒவ்வொருவராக அணைத்தார்கள். சிலர் உள்ளே ஓடிப்போய் பூஸ்டரையும் பிடுங்கிவிட்டு வந்தார்கள். அந்தப் பாலைவனத்தில் அப்படி ஓர் அமைதியை ஆர்லோ கேட்டதே இல்லை.

போனை அழுத்தினான். மணி போனது!

“ஆர்லோ?”

பக்கத்தில் நின்று பேசுவது போல அத்தனை தெளிவாக இருந்தது குரல். ஆர்லோ வாயைத் திறந்தான். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது.

“சிக்னல் எப்படி இருக்கு?” என்றான்.

கூட்டம் ஐயோ என்று முனகியது. நெட்ரா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அட கடவுளே! வண்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ குடுத்த கம்பத்தை முழுசா ஏத்திவிட்டு, போனையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். இதைக் கேக்கவா கூப்பிட்டே?”

“இல்ல மார்லிஸ், இல்ல. இந்த ஆண்டெனா, பூஸ்டர், ரெண்டு சிம், எல்லாம் எதுக்கு வாங்கினேன்? எனக்குப் போன் பண்ண வேற யாரு இருக்கா? உன் குரலைக் கேக்கத்தான். டென்னஸிக்குப் போகாதே. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ.”

மறுமுனையில் மூச்சு கேட்டது.

இந்த இடத்தில் கூட்டம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்குமா? கேட்டாச்சு, கேட்டாச்சு என்று கூவிக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். காரியம் முடிந்தது என்று நினைத்த கஸ், ஸ்கோர் என்ன ஆச்சோ என்று போனைப் போட்டான். அவன் போட்டதைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள்.

“ஆர்லோ, நான்…” என்றாள் மார்லிஸ்.

டக்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆர்லோ மேசைமேல் நின்றபடி “மார்லிஸ்! மார்லிஸ்!” என்று கத்தினான். கூட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. போன்களை மறுபடி அணைத்தார்கள். மணி போனது, எடுக்க ஆளில்லை. அடுத்த தடவையும் எடுக்க ஆளில்லை. அவள் கிளம்பிவிட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டாள், பஸ்காரியின் சட்டம் அது. கிளம்பினாள் சரி, எந்தப் பக்கம்?

கஸ் கிட்டே வரவே பயந்து தூரத்தில் நின்றான். “என் டீம் ஜெயிச்சிருச்சுடா” என்றான் ஈனஸ்வரத்தில். “நாம அணைச்சு வச்சிருந்த நேரத்துல. நானும் பாக்கல. நீ என்னை மன்னிச்சிரு.”

ஆர்லோவுக்குக் கோபம்கூட வரவில்லை. நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். நெட்ரா ஒரு தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். சாப்பாடு ஆறிப்போனது. நான்… என்றாளே, அதற்குப் பின்னால் என்ன? நான் வரேனா? நான் போறேனா? சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. ஒருத்தரும் தங்கள் வண்டிக்குப் போகவில்லை. அவனோடு சேர்ந்து எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள்.

வானம் சிவந்த நேரத்தில் தூரத்தில் புழுதி கிளம்பியது.

“யாருடா அது, பாம்பை இழுத்துக்கிட்டு வர்றது?” என்றான் கஸ்.

பாம்பல்ல. நீலத் தண்ணீர்க் குழாய். கழற்றாத குழாய் கேரவனுக்குப் பின்னால் சரளையில் புரண்டு புரண்டு வந்தது. மடிக்காத படி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, ஒரு புதரையே பிடுங்கி மாட்டிக்கொண்டு வந்தது. கூரையில் கம்பம் முழு உயரத்துக்கும் நின்றது. எந்த மரத்தில் இடித்ததோ, உச்சி முறிந்து, ஆண்டெனா ஒற்றைக் கம்பியில் ஆடு ஆடு என்று ஆடிக்கொண்டிருந்தது.

மார்லிஸின் கேரவன்.

ஆர்லோ எழுந்து நின்றான். தட்டு கவிழ்ந்தது. அவளுடைய ‘நான்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்று இனி யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் ஒரு நாளும் சாவியைத் திருகாதவள், ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் ஓடிவந்திருக்கிறாள். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றான்.

மார்லிஸ் கதவைத் திறந்து குதித்தாள். “எல்லாரும் ஏன் என்னைப் பாக்காம என் கூரையைப் பாக்கறீங்க?” என்று திரும்பினாள். கை தானாக வாய்க்குப் போனது. “ஐயய்யோ!”

“ரெண்டு சுத்து சுத்தலையா மார்லிஸ்?” என்றாள் நெட்ரா, முகத்தைப் பச்சைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

“எங்கடி நேரம்? செத்த போனுக்குள்ள சரி, சரி, சரின்னு தொண்டை கிழியக் கத்தறேன், இந்த மனுஷனுக்குக் கேக்கல. திரும்பக் கூப்பிட்டா லைன் போகல. சரி, நேர்லயே சொல்லிட்டுப் போயிடலாம்னு கிளம்பிட்டேன்.”

“சொல்லிட்டுப் போயிடுவியா?” என்றான் ஆர்லோ பதறிப்போய்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன் கிழவா!”

ஆர்லோ தன் கேரவனுக்குள் போனான். ஒரு வருஷமாக அங்கே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கோணல் ஆண்டெனாவைக் கயிற்றோடு எடுத்துக்கொண்டு வந்தான். கூட்டத்துக்கு விஷயம் புரிந்து கைதட்டல் கிளம்பியது. மார்லிஸ் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். அவன் அந்த மாலையை அவள் கழுத்தில் போட்டான். துருப்பிடித்த கம்பி அவள் தலைமுடியில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கிற சாக்கில் அவன் கை அவள் கன்னத்தில் கொஞ்ச நேரம் இருந்தது.

“இப்ப சிக்னல் எப்படி இருக்கு?” என்றான் மெல்ல.

“நல்லாவே எடுக்குது” என்றாள் மார்லிஸ். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. டென்னஸியிலிருந்து மகன். மாலையும் கழுத்துமாக எடுத்துப் பேசினாள். “டேய், கேரவனை வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிடு. அந்த ரூமை நல்லா கூட்டி வை, நாங்க ரெண்டு பேரும் வந்து ஒரு வாரம் தங்கறோம். யாரு ரெண்டு பேரா? வந்து சொல்றேன்.”

“எல்லாம் சரி” என்றான் கஸ், ஆறிப்போன அண்டாவைச் சுடவைத்துக்கொண்டே. “கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறப்போ மட்டும் என்னைக் கேட்டுக்கங்க. மேட்ச் இல்லாத ஞாயிறா பாத்துச் சொல்றேன்.”